பீகிள்போன் பிளாக்: ரிலே போர்டைச் செருகினால் பூட் ஆகவில்லை, கழற்றினால் ஆகிறது

வெண்ணாறு தெற்கு | ஜூன் 19, இரவு 9:12

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குப் பத்து மா நிலம். ஃபில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) 5 எச்பி மோட்டார். வீட்டுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் முக்கால் கிலோமீட்டர். மேட்டூர் ஜூன் 12 என்று பெயர்தான், 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அதனால் குறுவை நாற்றங்காலுக்கு நாங்கள் போர் தண்ணீரைத்தான் நம்புகிறோம். அப்பாவுக்கு எழுபது வயது. ராத்திரி டார்ச்சோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போடுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

கல்லூரிக் காலத்துப் பீகிள்போன் பிளாக் (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி போர்டு) ஒன்று சும்மா கிடந்தது. நாலு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள நீல நிற போர்டு ஒன்று வாங்கினேன். இப்போதைக்கு இரண்டு ரிலே போதும், ஒன்று ஸ்டார்ட், ஒன்று ஸ்டாப். பீகிள்போனின் இரு ஓரத்திலும் உள்ள பி8, பி9 பின் தொகுதிகளில் பி8-இன் கோடியில் இருக்கும் 45, 46 ஆகிய பின்களில் கட்டினேன். அவை எச்டிஎம்ஐக்குப் போகிற பின்கள் என்று படித்திருந்ததால், பூட் அமைப்புகள் உள்ள யூஎன்வி கோப்பில் வீடியோ ஓவர்லேயை (பின்களை எச்டிஎம்ஐக்கு ஒதுக்கும் அமைப்பை) முடக்கும் வரியின் முன்னால் இருந்த # குறியை எடுத்துவிட்டேன்.

பிரச்சினை இதுதான். ரிலே போர்டு செருகியிருந்தால் பவர் விளக்கு மட்டும் எரிகிறது, மற்ற நாலு நீல விளக்குகளும் செத்துக் கிடக்கின்றன. கழற்றிவிட்டுப் போட்டால் ஒழுங்காக பூட் ஆகிறது. பூட் ஆன பிறகு செருகினால் ரிலேவும் அருமையாக வேலை செய்கிறது! எங்கே தப்பு?

கடைமடை | ஜூன் 19, இரவு 9:40

அடாப்டர். வேறு என்ன? நாலு ரிலே ஒன்றாக இழுத்தால் 300 மில்லி ஆம்பியர் போகும். யூஎஸ்பியில் ஓட்டுகிறீர்களா?

வெண்ணாறு தெற்கு | ஜூன் 19, இரவு 9:47

இல்லை, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், வட்ட ஜாக்கில். ரிலே போர்டுக்கு 5 வோல்ட்டை பி9-இல் 7ஆம் பின்னிலிருந்து எடுக்கிறேன். பூட் நேரத்தில் எந்த ரிலேவும் டிக் என்று சத்தம் போடவில்லை. சிவப்பு விளக்குகளும் எரியவில்லை. அப்படியென்றால் அது கரண்ட் இழுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கடைமடை | ஜூன் 19, இரவு 9:55

அப்போ ஓவர்லே சரியாக முடங்கவில்லை. கான்ஃபிக்-பின் கட்டளையில் அந்த இரண்டு பின்னும் ஜிபிஐஓவாக (நாமே ஆன் ஆஃப் செய்யும் பொதுப் பின்னாக) இருக்கிறதா பாருங்கள்.

பழைய பஸ் | ஜூன் 20, காலை 6:05

தம்பி, ஓவர்லேயையும் அடாப்டரையும் விடுங்கள். போர்டில் ஈதர்நெட் பக்கமாக இல்லாமல் பி9-ஐ ஒட்டித் தனியாக ஆறு பின் ஒரே வரிசையில் இருக்கும், ஜே1 என்று போட்டிருக்கும். 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிளை அதில் போட்டு 115200 வேகத்தில் திரையைப் பாருங்கள். ரிலே இல்லாமல் ஒரு தடவை, ரிலேவோடு ஒரு தடவை. என்ன வருகிறது என்று எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

வெண்ணாறு தெற்கு | ஜூன் 20, இரவு 8:30

சார், ரிலே இல்லாமல் யூ-பூட் (லினக்ஸை ஏற்றும் நிரல்), கர்னல் (லினக்ஸின் மையம்) என்று வரிசையாகச் செய்திகள் ஓடுகின்றன. ரிலேவோடு: சி எழுத்து மட்டும் சொட்டு நீர் மாதிரி ஒவ்வொன்றாக விழுகிறது. சி சி சி சி. வேறு ஒன்றும் இல்லை.

பழைய பஸ் | ஜூன் 20, இரவு 10:20

நினைத்தேன். போர்டு சாகவில்லை, வழி மாறிப் போயிருக்கிறது. அந்தச் சி எழுத்து, சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் "சீரியல் வழியாக எனக்கு நிரலை அனுப்பு" என்று கேட்கிற குரல். உள்ளே இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பில் லினக்ஸ் உட்கார்ந்திருக்க, அதைப் பார்க்காமல் தெருவில் நின்று கூப்பிடுகிறது. ஏன்?

ஏஎம்3358 சிப்புக்கு மின்சாரம் வந்து ரீசெட் விடுபடும் அந்தக் கணத்தில், எல்சிடி டேட்டா 0 முதல் 15 வரையான பதினாறு கால்களில் என்ன வோல்ட் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளும். அதற்கு சிஸ்பூட் என்று பெயர். எங்கிருந்து பூட் ஆக வேண்டும், கிரிஸ்டல் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பதெல்லாம் அந்தப் பதினாறு பிட்டில்தான் இருக்கிறது. அந்தப் பதினாறு கால்களும் பி8-இல் 31 முதல் 46 வரை வெளியே வருகின்றன. 45 என்பது பிட் 0. 46 என்பது பிட் 1. இந்த போர்டில் இவை இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். கிலோ ஓம் கணக்கில் பெரிய மின்தடைகளை வைத்து மெதுவாகத் தரைக்கு இழுத்திருப்பார்கள். போர்டில் எஸ்2 என்று ஒரு குட்டி பட்டன் இருக்கிறதே, எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்ய அழுத்துவோம், அது செய்வதும் இதுதான்: 43ஆம் பின்னை, அதாவது பிட் 2-ஐத் தரையில் தட்டுகிறது. ஒரே ஒரு பிட் மாறினாலே பூட் வரிசை மாறிவிடும். நீங்கள் இரண்டு பிட்டை மாற்றிவிட்டீர்கள்.

"விளக்கு எரியவில்லையே" என்றீர்கள். கணக்குப் போடுவோம். அந்த நீல போர்டின் உள்ளீட்டில் 5 வோல்ட்டிலிருந்து ஒரு 1 கிலோ ஓம், ஒரு சிவப்பு எல்இடி, ஆப்டோகப்ளருக்குள் (ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) இன்னொரு எல்இடி, அப்புறம் உங்கள் பின். நிறைய கரண்ட் போனால்தான் எல்இடி கண்ணுக்குத் தெரியும். பின்னில் இருப்பதோ பலவீனமான புல்-டவுன், அதாவது தரைக்கு இழுக்கும் அந்த மின்தடை. அதன் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் ஓடும், விளக்கு எரியாது. ஆனால் இரண்டு எல்இடியிலும் சேர்த்து இரண்டரை வோல்ட் போல விழுந்தால், மீதி இரண்டரை வோல்ட் பின்னில் நிற்கும். 3.3 வோல்ட் லாஜிக்கில் 2 வோல்ட்டைத் தாண்டினால் அது ஒன்று. முடிந்தது கதை. பூட் ஆன பிறகு செருகினால் வேலை செய்வதற்கும் இதுவே காரணம்: படித்து முடித்த பிறகு அந்தக் கால்களை யாரும் பூட்டுக்காகப் பார்ப்பதில்லை.

ஓவர்லே பற்றி ஒரு வரி. அது யூ-பூட், கர்னல் காலத்துச் சமாச்சாரம். சிஸ்பூட் படிக்கப்படும்போது யூ-பூட் பிறக்கவே இல்லை. எந்தக் கோப்பில் எதை மாற்றினாலும் இது தீராது.

கடைமடை | ஜூன் 20, இரவு 10:41

ஒப்புக்கொள்கிறேன், நான் சொன்னது தப்பு. ஆனால் இதே அடியை நான் இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் சிப்பில் வாங்கியிருக்கிறேன். அதில் 12ஆம் ஜிபிஐஓவை பூட் நேரத்தில் யாராவது மேலே இழுத்தால், ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் என்று நினைத்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. திருத்துறைப்பூண்டியில் மழைக்கு நடுவில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் மேலே இழுக்கும் ஒரு 10 கிலோ ஓம் மின்தடை, புல்-அப்தான் காரணம்.

அதனால் என் கேள்வி: ஒரு மோட்டார் ஆன் ஆஃபுக்கு லினக்ஸ் போர்டே எதற்கு?

வெண்ணாறு தெற்கு | ஜூன் 20, இரவு 11:02

கையில் இருந்தது, அவ்வளவுதான் :) போர்க்குழாயில் நீர்மட்டத்தையும் பதிவு செய்ய ஆசை. இரண்டு போகமாவது தொடர்ந்து எழுதி வைத்தால், எந்த மாதம் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அப்பாவிடம் காட்டலாம். இதில் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றுவது) உள்ளேயே இருக்கிறது, அதனால் இது.

சார், அப்படியென்றால் எந்தப் பின்தான் பாதுகாப்பு? படத்தில் எல்லாமே ஜிபிஐஓ என்றுதான் போட்டிருக்கிறது.

பழைய பஸ் | ஜூன் 21, காலை 5:50

படத்தில் போட்டிருப்பது பொய் இல்லை, பாதி உண்மை. ஒரு காலுக்கு 0 முதல் 7 வரை எட்டு வேலை இருக்கலாம். 7ஆவது ஜிபிஐஓ. உங்கள் வேலை எதுவாக இருந்தாலும், உங்களுக்கு முன்னால் அந்தக் காலில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வாய்க்காலில் மடை எல்லாருக்கும் பொதுதான். ஆனால் முறை தெரியாமல் ராத்திரி மடையைத் திறந்தால் காலையில் பஞ்சாயத்துதான்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியனாக இருந்து தஞ்சாவூரில் ஓய்வாக உட்கார்ந்திருப்பவன். 90களில் பிசி/104 என்ற, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சின்னக் கணினி போர்டுகளோடு கிடந்திருக்கிறேன். 64 பின் ஒன்று, 40 பின் ஒன்று, கூட்டினால் 104, பெயர் அங்கிருந்துதான். உள்ளே ஓடுவது பழைய ஐஎஸ்ஏ பஸ், அதாவது அட்டைகளை இணைக்கும் பொதுக் கம்பி வரிசை. அதில் முகவரிப் பின் என்றால் சாகும்வரை முகவரிப் பின். ஒரே பின்னுக்கு எட்டு முகம் கிடையாது. சிரமம் வேறு மாதிரி இருந்தது: இரண்டு அட்டை ஒரே இன்டரப்ட்டை (சிப்பைக் கூப்பிடும் கோட்டை) பிடித்துக்கொண்டு சண்டை போடும். இந்தக் காலத்துப் போர்டில் சண்டை காலுக்குள்ளேயே நடக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பி8-இல் 3, 4, 5, 6 மற்றும் 20 முதல் 25 வரை பத்தும் இஎம்எம்சிக்குச் சொந்தம். லினக்ஸே அங்கிருந்து ஓடுவதால் தொடாதீர்கள். 27 முதல் 30 எச்டிஎம்ஐ, பூட்டோடு சம்பந்தமில்லை, ஓவர்லேயை முடக்கினால் கிடைக்கும். 31 முதல் 46 பற்றிச் சொல்லிவிட்டேன். மீதியில் 7 முதல் 19 வரை பதிமூன்று பின். அதிலேயே உங்கள் குடும்பம் நடந்துவிடும். பி9-இல் 12, 15, 23 நல்ல பிள்ளைகள். 19, 20 ஐடுசி, மேலே செருகும் கேப் போர்டுகளின் ஈப்ராமை (அடையாளம் எழுதிய நினைவகம்) தேட லினக்ஸ் அதைப் பயன்படுத்தும், விட்டுவிடுங்கள்.

எண்ணும்போது கவனம். ஐசி மாதிரி சுற்றி எண்ணக் கூடாது. ஒற்றைப்படை ஒரு வரிசை, இரட்டைப்படை எதிர் வரிசை. அப்புறம் பின் எண் வேறு, ஜிபிஐஓ எண் வேறு. பி9-இன் 12ஆம் பின் ஜிபிஐஓ 1_28. முன்னால் இருக்கும் 1 என்ற தொகுதி எண்ணை 32ஆல் பெருக்கி 28ஐக் கூட்டினால் 60. நிரலில் 12 என்று எழுதிவிட்டு ரிலேவைத் திட்டுபவர்கள் நிறைய.

குடந்தை சால்டர் | ஜூன் 21, மதியம் 1:15

பின் விவகாரத்தைச் சார் பார்த்துக்கொள்வார். எனக்கு வேறு ஒரு பயம். தம்பி, அந்த நீல ரிலேவின் மேலே என்ன எழுதியிருக்கிறது? 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று இருக்கும். உங்கள் ஸ்டார்ட்டரின் காயில் (கம்பிச் சுருள்) எத்தனை வோல்ட்? நம் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் 415, இரண்டு ஃபேஸுக்கு நடுவில் நிற்கும். பச்சை, சிவப்பு பொத்தான்களிலும் அதே 415தான். 250க்கு எழுதிய சர்க்கரைக் கட்டி ரிலேவை அதில் நேராகக் கட்டினால், காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாப் ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. நான் கும்பகோணத்தில் பழுது பார்க்கும் மேசையில் இப்படிக் கருகி வந்ததைப் பார்த்திருக்கிறேன், உள்ளே பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்திருந்தது.

நடுவில் ஒரு துணை கான்டாக்டர் (பெரிய ரிலே மாதிரி) வையுங்கள். காண்டாக்ட் 415க்குப் பொருந்துவதாக இருக்கட்டும். அதன் காயிலை மட்டும் உங்கள் ரிலே ஓட்டட்டும். ஸ்டார்ட் என்றால் பச்சைப் பொத்தானுக்கு இணையாக, ஸ்டாப் என்றால் சிவப்புப் பொத்தானோடு தொடராக, சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்டில். கையால் அழுத்தும் பொத்தான்கள் அப்படியே இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் வேலையை ஐசோலேட்டரை (மெயின் சுவிட்சை) இறக்கிவிட்டு, உரிமம் உள்ள எலக்ட்ரீசியனை வைத்துச் செய்யுங்கள். ஓவர்லோடு ரிலேவை யாரும் பைபாஸ் செய்ய வேண்டாம், தயவுசெய்து.

வெண்ணாறு தெற்கு | ஜூன் 21, இரவு 9:20

அக்கா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். காயிலில் 415 என்றுதான் இருக்கிறது. நல்ல வேளை இன்னும் கட்டவில்லை.

நாகை உப்புக்காற்று | ஜூன் 22, காலை 7:30

நீர்மட்ட சென்சார் என்று பார்த்ததும் வந்தேன். எங்களுடையது இறால் குட்டை, ஏரேட்டர் ஓட்ட இதே போர்டு. இரண்டு போர்டைத் தின்றிருக்கிறேன், இரண்டும் ஒரே மாதிரி செத்தன, இரண்டாவது செத்த பிறகுதான் காரணம் புரிந்தது.

என் சென்சாருக்கு 24 வோல்ட் பேட்டரியிலிருந்து தனியாக வந்தது. போர்டு கரண்டில் ஓடியது. கரண்ட் போனால் போர்டு அணைந்துவிடும், சென்சார் மட்டும் பின்னுக்குள் வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அணைந்த சிப்பின் கால் வழியாக உள்ளே நுழைந்த கரண்ட், சிப்பையே பின்வாசல் வழியாக ஓட்டப் பார்க்கும். நம் ஊரில் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போய் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. போர்டின் கையேட்டிலேயே இருக்கிறது: போர்டுக்கு மின்சாரம் இல்லாதபோது எந்தப் பின்னிலும் வெளி வோல்ட் இருக்கக் கூடாது, ரீசெட் கோடு மேலே எழும்வரை எதையும் ஓட்டக் கூடாது. நான் படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள்!

இப்போது சென்சாரின் 24 வோல்ட்டை ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாகத்தான் விடுகிறேன். பி9-இன் 3ஆம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால்தான் அது திறக்கும். அதற்குப் பிறகு ஒரு போர்டும் சாகவில்லை.

உப்புக்காற்றுக்கு வேறு கதை. ஜம்பர் வயர் ஆறு மாதம்கூடத் தாங்காது, முனை பச்சையாகிவிடும். ஸ்க்ரூ டெர்மினல் உள்ள துளை அட்டையைச் செய்து, அதில் சால்டர் செய்யுங்கள். நீடாமங்கலத்தில் இந்த அளவு உப்பு இருக்காது, ஆனால் கொட்டகையின் ஈரம் இருக்கும்.

பழைய பஸ் | ஜூன் 22, காலை 8:10

நாகை சொன்னதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஏடிசி இன்னும் பலவீனம். மற்ற பின்கள் 3.3 வோல்ட் தாங்கும், ஏடிசிக்கு 1.8தான் மேல் வரம்பு. சென்சார் அளவை 4–20 மில்லி ஆம்பியர் கரண்டாகச் சொல்லும் வகை என்றால் 82 ஓம் மின்தடையைப் பி9-இன் 34ஆம் பின்னுக்கு, அதாவது அனலாக் தரைக்குப் போடுங்கள். 20 மில்லி ஆம்பியரில் 1.64 வோல்ட், 4இல் 0.328. பன்னிரண்டு பிட் கணக்கில் அடியில் 746 போலவும், மேலே 3731 போலவும் வரும். 700க்குக் கீழே போனால் கம்பி அறுந்திருக்கிறது என்று நிரலே சொல்லிவிடும். 100 ஓம் போட்டால் 2 வோல்ட், சிப்புக்கு ஆகாது. கடையில் 82 இல்லை என்று 100ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ரிலேவுக்கு அந்த நீல போர்டையே வைக்க வேண்டும் என்றில்லை. யூஎல்என்2003 என்ற ரிலே ஓட்டும் சிப் ஒன்று போதும். ஏழு வழி, 3.3 வோல்ட்டிலேயே திறக்கும், காயில் அணையும்போது வரும் எதிர் உதையைத் தாங்க டயோடும் உள்ளேயே இருக்கிறது. பின் மேலே போனால்தான் ரிலே, அதனால் பூட் நேரத்தில் சும்மா இருக்கும். உள்ளீட்டில் தரைக்கு ஒரு 4.7 கிலோ ஓம் போட்டுவிடுங்கள். சிப்பின் உள் புல்-அப்பை நம்பியோ பயந்தோ இருக்க வேண்டாம். ஆனால் இதையும் 31 முதல் 46 வரை கட்டாதீர்கள், அது 1 ஆக இருக்க வேண்டிய பிட்டைக் கீழே இழுத்துவிடும்.

கடைமடை | ஜூன் 22, காலை 9:02

சார், நடுவில் 74 வரிசை பஃபர் (சிக்னலை அப்படியே கடத்தும் சிப்) வைத்தால் 45, 46ஐயே பயன்படுத்தலாமே? பஃபரின் உள்ளீடு எதையும் இழுக்காதே.

பழைய பஸ் | ஜூன் 22, காலை 9:30

வெளியீட்டுக்குச் சரிதான், வேலை செய்யும். அந்தப் பின்னை உள்ளீடாக வைத்தால் பஃபரும் ஓட்டிவிடும், அப்போது 126 மாதிரி எனேபிள் உள்ளதை எடுத்து, ரீசெட் கோட்டில், அதாவது பி9-இன் 10இல் அதைக் கட்ட வேண்டும். 125 வேண்டாம், அதன் எனேபிள் தலைகீழ். ஆனால் பதிமூன்று பின் சும்மா இருக்கும்போது எதற்கு இந்த வம்பு? பின் தீர்ந்து போனவன் செய்ய வேண்டிய வேலை அது.

கடைமடையின் முதல் கேள்விக்கும் ஒரு பாதி மதிப்பெண் உண்டு. பி9-இன் 7, 8 சிஸ் 5 வோல்ட், அதில் 250 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். நாலு ரிலேயும் ஒன்றாகப் பிடித்தால் தாண்டிவிடும். 5, 6இல் எடுங்கள், அது ஜாக்கிலிருந்து நேராக வருவது, 1 ஆம்பியர் வரை.

வெண்ணாறு தெற்கு | ஜூலை 6, இரவு 8:45

தாமதத்துக்கு மன்னிக்கவும், நாற்று பறிப்பு நடந்தது.

ரிலேவை பி8-இன் 7, 8க்கு மாற்றி, யூஎல்என்2003 போட்டு, 5 வோல்ட்டை பி9-இன் 5இல் எடுத்தேன். இருபது தடவை பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன், இருபது தடவையும் பூட் ஆனது. துணை கான்டாக்டரை எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து கட்டிக் கொடுத்தார். சென்சாருக்கு மாஸ்ஃபெட் போட்டாயிற்று. 82 ஓம் நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் கிடைக்கவில்லை, கடைசியில் 47-உம் 33-உம் தொடராக வைத்து 80 ஓம் செய்தேன். 1.6 வோல்ட்தான் வரும், நிரலில் எண்ணை மாற்றிக்கொண்டேன்.

அப்பா முதல் நாள் போனில் பட்டனைத் தட்டிவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கக் கொட்டகைக்கே நடந்து போனார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். என் தம்பியும் இதைத் தொடுவான். தப்பான துளையில் செருகிவிடக் கூடாது என்று, பி8-இல் 31 முதல் 46 வரை பதினாறு துளைகளிலும் தீக்குச்சியை உடைத்துச் செருகி மட்டமாக வெட்டிவிட்டேன். இதனால் ஏதாவது கெடுதல் உண்டா?

நாகை உப்புக்காற்று | ஜூலை 6, இரவு 9:10

ஈரம் குடிக்கும் குச்சி. நைலான் தூண்டில் நரம்பு போடுங்கள், தடிமனாகப் பார்த்து.

பழைய பஸ் | ஜூலை 7, காலை 5:40

நரம்பே நல்லது. பிசி/104-இல் பி10, சி19 என்று இரண்டு இடத்தை இதற்காகவே அடைத்து வைப்பார்கள், அட்டையைத் திருப்பிச் செருக முடியாது. நீங்கள் பதினாறை அடைத்திருக்கிறீர்கள்.